உப்புத்துறைக்கும் தென்படுகைக்கும் நடுவில்

என் அருமைக் கலியா,

உன் மகள் மலர்விழி எனக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறாள். அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் இந்த வருடம் ஆண்டு மலர் போடுகிறார்களாம். “நம்ம ஆத்தைப் பத்தியும் பாலத்தைப் பத்தியும் எழுதிக் குடுங்க பெரியத்தா” என்று கடைக்கே வந்து கேட்டாள். பெரியப்பாவை எங்கள் வீட்டில் பெரியத்தா என்போம், அவளும் என்னை அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டாள். கல்லாவில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். “உப்புத்துறை ஒரு சிற்றூர்” என்று ஆரம்பித்தால் அதற்கு மேல் ஓடவில்லை. யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல் எனக்குப் பேச்சே வராது, அது உனக்குத் தெரியும். அதனால் உனக்கே எழுதிவிடுகிறேன். உனக்குத் தெரிந்த சங்கதியும் இதில் வரும். பிள்ளைகள் படிப்பார்கள் இல்லையா, பொறுத்துக்கொள்.

நம் நாணலாறு பெரிய ஆறு இல்லை. வெட்டாற்றில் பிரிந்து, நன்னிலத்துக்கும் கீழ்வேளூருக்கும் இடைப்பட்ட வயல்களில் வளைந்து வளைந்து வந்து, கடலைப் பார்க்காமலே ஒரு வடிகாலில் போய் விழுந்துவிடும். மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டி, நமக்குத் தண்ணீர் வந்து சேரும்போது மேற்கத்திய ஊர்களில் நாற்று பச்சை பிடித்திருக்கும். கடைமடை என்றால் அப்படித்தான். ஆனால் மழைக்காலத்தில் மேற்கே தேங்குகிற தண்ணீரெல்லாம் நம் வழியாகத்தான் வடிந்தாக வேண்டும். சித்திரையில் முழங்கால் நனையாமல் கடக்கிற ஆறு, ஐப்பசியில் இரண்டு கரையையும் முட்டிக்கொண்டு போகும்.

நம் ஊரில் இந்த ஆறு ஒரு வளைவு வளைகிறது. வளைவின் வெளிப்பக்கம் வடகரை. தண்ணீர் அங்கே மோதித் திரும்புவதால் ஆழம். உள்பக்கம் தென்கரை. அங்கே வண்டல் ஒதுங்கி ஒதுங்கித் தாழ்வான படுகை விழுந்திருக்கிறது. நம் ஊருக்கென்று ஒரு வரலாறு இருந்தால், அது இந்த வளைவிலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

ஆழம் இருந்த பக்கம் படகு வந்தது. ரயில் வருவதற்கு முன்னால் வேதாரண்யத்துப் பக்கத்து உப்பு இங்கே வந்து இறங்குமாம், போகும்போது நெல் ஏறிப் போகுமாம். உப்பை இறக்கி வைக்க எங்கள் முன்னோர் ஒருவர் செங்கல்லில் ஒரு கிட்டங்கி கட்டினார். அதை ஒட்டி எங்கள் தெரு வந்தது. பிறகு மேடு பார்த்து மிராசுதார் வீடுகள், கோயில், பள்ளிவாசல், பள்ளிக்கூடம். எல்லாம் வடகரையில்.

தென்கரை வண்டலில் நெல் நன்றாக விளைந்தது. நடவும் அறுப்பும் பார்க்க ஆள் வேண்டும். அந்த ஆட்கள் தங்கள் தெருவுக்குப் பக்கத்தில் குடியிருக்கவும் கூடாது. ஆகவே உன் முன்னோர்களைக் கொண்டுபோய்ப் படுகையில் வைத்தார்கள். வெள்ளம் வந்தால் முதலில் நனைகிற இடம் அது. தென்படுகை என்று பேர் வந்தது இப்படித்தான். இதை மலர்விழி பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லப் போகிறாள் என்று தெரியவில்லை. எழுதாமல் விடாதீர்கள் என்று அவளேதான் சொன்னாள்.

படகு நின்றுபோய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. உன் அப்பா காலத்தில் கூலிக்காகக் கொடி பிடித்தார்கள், குடியிருந்த மனைக்குப் பட்டா வந்தது. நீயும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தோம். நான் சவூதிக்குப் போனேன். நீ ஊரிலேயே இருந்து, மிராசுதார் விற்ற நிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிப் பயிர் வைத்தாய், வார்டு மெம்பர் ஆனாய். நான் திரும்பி வந்து கிட்டங்கியின் முன்பக்கத்தில் மளிகைக்கடை போட்டபோது, தலைமுடி நரைத்ததைத் தவிர உன்னிடம் ஒரு மாற்றமும் இல்லை. தோளில் துண்டு, கையில் செருப்பு. மூங்கில் பாலத்தில் வருகிறவன் செருப்பைக் கையில்தான் எடுத்துக்கொண்டு வர வேண்டும்.

அந்த மூங்கில் பாலத்தை இப்போதைய பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. வெள்ளம் வடிந்ததும் தை மாதத்தில் உன் தெருக்காரர்கள் மூங்கில் வெட்டிக் கட்டுவார்கள். அடுத்த ஐப்பசியில் ஆறு அதை அடித்துக்கொண்டு போகும். பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பஸ் எல்லாம் எங்கள் பக்கம். பாலம் போய்விட்டால் மேற்கே ஆற்றுத் தண்ணீரைத் தேக்கித் திறக்கிற சட்ரஸ் வரைக்கும் கரையோரமாக நடந்து, மதகுக்கு மேலே இருக்கிற ஒடுக்கமான நடைபாதையில் ஏறிக் கடந்து, திரும்ப அதே தூரம் நடந்து வர வேண்டும். சைக்கிளை உருட்டிக்கொண்டு போகலாம். வண்டி போகாது.

ஒவ்வொரு கிராம சபையிலும் நீ எழுந்து பாலம் கேட்பாய். சட்ரஸ் மேலே வழி இருக்கிறதே என்று ஒரு தடவை ஒரு அதிகாரி சொன்னார். “அதுல தண்ணி போவுதுங்க. எங்களாலதான் போவ முடியல” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாய். அவர்கூடச் சிரித்துவிட்டார். பாலம் வரவில்லை.

அந்தக் காலைப் பொழுதைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வடகரையிலிருந்து பார்த்தது நான். அதை நீ பார்த்திருக்க முடியாது.

மழை விட்டிருந்தது. மூங்கில் பாலம் அதற்கு முந்தின வெள்ளத்தில் போய்விட்டிருந்தது. கடை திறந்து கொஞ்ச நேரத்தில் ஆம்புலன்ஸ் ஒன்று எங்கள் தெருவுக்குள் வந்து கிட்டங்கிக்குப் பக்கத்தில் நின்றது. டிரைவர் இறங்கி வந்து, தென்படுகையில் கலியமூர்த்திக்கு நெஞ்சுவலி என்று போன் வந்ததாகச் சொன்னார். அவருடைய செல்போன் வரைபடத்தில் உன் வீடு ரொம்பப் பக்கத்தில் காட்டியிருக்கிறது. பக்கம்தான். ஆறு மட்டும்தான் நடுவில். “பாலம் எங்கங்க?” என்று கேட்டார்.

நான் கரைக்கு ஓடி வந்தேன். எதிர்க்கரையில் உன்னைக் கயிற்றுக் கட்டிலோடு கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். உன் மனைவி செல்வி தலைமாட்டில் நின்றது. வாழைமரங்களைக் கட்டித் தெப்பம் விடலாமா என்று இளைஞர்கள் தண்ணீரில் இறங்கிப் பார்த்தார்கள். இழுப்பு நிற்கவிடவில்லை. நர்ஸ் பெண் ஒருத்தி ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள். உன் முகம் எனக்குத் தெரிந்தது, அவ்வளவு கிட்டே. நீ கையைத் தூக்கினாய். என்னை வரச் சொன்னாயா, வர வேண்டாம் என்றாயா? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பிறகு நீ அறிந்ததுதான். கட்டிலோடு உன்னைத் தூக்கிக்கொண்டு சேற்றில் சட்ரஸ் வரை நடந்தார்கள். ஆம்புலன்ஸ் இந்தப் பக்கத்திலிருந்து அங்கே போய் நின்றது. நடைபாதையில் உன்னை இறக்கி, ஏற்றி, வண்டி புறப்பட்டது. ஊர் எல்லை தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது என்று நர்ஸ் பெண் சொன்னாள். முன்னாலேயே வந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று நான் டாக்டரிடம் கேட்டேன். அப்படியெல்லாம் சொல்ல முடியாது பாய் என்றார். அவர் சொன்னதும் சரிதான்.

நீ கேட்டபோது வராத பாலம், நீ போன பிறகு வரும் என்று ஆனது. அளக்க ஆட்கள் வந்தார்கள். இரண்டு இடம் பார்த்தார்கள். ஒன்று கிழக்கே, ரைஸ்மில்லுக்குப் பின்னால். அங்கே இரண்டு பக்கமும் புறம்போக்கு, யாருடைய சொத்தையும் தொட வேண்டாம். ஆனால் உன் தெருவுக்கு அது சட்ரஸைப் போலவே தூரம். இன்னொன்று உப்புத்துறையில், உன் தெருவுக்கு நேர் எதிரே. அங்கே கட்டினால் சாலை ஏறி இறங்க எங்கள் கிட்டங்கியை இடிக்க வேண்டும்.

ரைஸ்மில்காரர் கெட்ட மனிதர் இல்லை. ஒருத்தர் வீட்டையும் இடிக்காமல் பாலம் கிடைக்கிறதே, அதைவிட என்ன வேண்டும் என்று அவர் கேட்டது நியாயமாகத்தான் பலருக்குப் பட்டது. எனக்குக் கொடுக்க மனம் இருந்தது. ஆனால் கிட்டங்கி எனக்கும் என் தம்பி ஹாஜாவுக்கும் பொது. அவன் ரியாத்தில் இருந்துகொண்டு முடியாது என்றான்.

“அத்தா விட்டுட்டுப் போனது அது ஒண்ணுதான் காக்கா” என்றான் போனில். அத்தா என்றால் அப்பா, காக்கா என்றால் அண்ணன், பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். அதோடு இன்னொன்றும் சொன்னான். பாலம் வந்தால் தென்படுகை ஆட்கள் என் கடையில் நிற்க மாட்டார்கள், பஸ் ஏறி நேரே டவுனுக்குப் போய்விடுவார்கள், கிட்டங்கியும் போய் வியாபாரமும் போய் நான் உட்காரப் போகிறேன் என்றான். நான் எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். கோபமாகப் பேசினேன். அவனும் பேசினான். சில வாரங்கள் இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டோம். அதற்குள் ரைஸ்மில் பக்கம் கல் நட ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்த மார்கழியில் எங்கள் சொந்தத்தில் ஒரு நிக்காஹ். அதற்கு ஹாஜா வந்தான். உன் சாவுக்கு வர முடியவில்லையே, செல்வியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஒரு நாள் அவனாகவே கிளம்பினான். நான் கூப்பிடவில்லை. கூட வரட்டுமா என்று கேட்டதற்கும் வேண்டாம் என்றான். காரைச் சட்ரஸில் நிறுத்திவிட்டு, மழை நனைத்த கரையில் நடந்தே போயிருக்கிறான். பேண்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டுக்கொண்டு போனதாகச் செல்வி பிறகு சொன்னது.

அங்கே நடந்ததை இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள், இரண்டும் ஒன்றாகவே இருந்தன. செல்வி டீ போட்டுக் கொடுத்திருக்கிறது. பாலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. உன் படத்தைப் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்தவன், எதிரே கிட்டங்கி அப்படியே தெரிவதைப் பார்த்து நின்றுவிட்டான். பிறந்ததிலிருந்து அவன் அதை அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததே இல்லை.

“நான் கல்யாணமாகி வந்ததுலேர்ந்து அதைப் பாத்துக்கிட்டுதான் தம்பி வாசத் தெளிக்கிறேன்” என்றதாம் செல்வி.

அவன் நேராகவே கேட்டிருக்கிறான், அதை இடித்துவிட்டால் நல்லது என்று நீங்களும் நினைக்கிறீர்களா என்று.

“அது உங்க சொத்து தம்பி. நான் என்ன சொல்றது? அன்னிக்கு ஆம்புலன்ஸு அதுக்குப் பக்கத்துலதான் நின்னுச்சு. இங்கேருந்து நல்லாத் தெரிஞ்சுது.”

ஹாஜா திரும்பி வந்தபோது கடையில் ஆள் இருந்தது. அவர்கள் போகும்வரை காத்திருந்தான். “எங்கே கையெழுத்துப் போடணும் காக்கா?” என்று கேட்டான். அவ்வளவுதான். பிறகு உள்ளே போய்க் காலைக் கழுவினான்.

நாங்கள் இருவரும் எழுதிக் கொடுத்ததும், ரைஸ்மில் பக்கம் நட்ட கல்லை எடுத்துவிட்டு உப்புத்துறையிலேயே பாலம் என்று முடிவானது. கிட்டங்கியை இடித்தபோது நான் போகவில்லை என்று நினைப்பாய். போனேன். கூரை இறங்கி, சுவர் இறங்கி, தரையைப் பெயர்த்ததும் கீழே மண் வெள்ளை பூத்துக் கிடந்தது. மேஸ்திரி ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துவிட்டு, இன்னும் உப்புக் கரிக்கிறது என்றார். கரையை வெட்டிக்கொண்டே போனால் செங்கல் படிகள் தண்ணீர் மட்டத்துக்குக் கீழேயும் போய்க்கொண்டே இருந்தன. நீயும் நானும் குதித்து விளையாடியது மேல்படிகளில் மட்டும்தான். ஆறு அந்தக் காலத்தில் அவ்வளவு ஆழமாக ஓடியிருக்கிறது. வண்டல் மூடி மூடி மேலே வந்திருக்கிறது. பால வேலையைப் பார்த்துக்கொண்ட இளவயது இன்ஜினியர் பையன் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டான். தூணுக்கு அடித்தளம் போட அந்தப் படிகளையும் எடுத்துவிட்டார்கள். வேறு வழியில்லை.

வேலை இரண்டு கோடைகள் நடந்தது. முடிகிற சமயத்தில் ஒரு வம்பு. கிராம சபையில் நான் எழுந்து, பாலத்துக்குக் கலியமூர்த்தி பெயர் வைக்க வேண்டும் என்றேன். தென்படுகை இளைஞர்கள் கை தட்டினார்கள். வடகரையில் சிலர் முகம் சுளித்தார்கள். பாலத்துக்கு எதற்கப்பா பேர் என்றார் ஒருவர். அதற்கு முந்தின வருடம்தான் இதே மனிதர் கோயில் குளத்துப் படிக்கட்டில்கூடத் தன் தாத்தா பெயரைக் கல்லில் வெட்டி வைத்தவர். எனக்கு வந்த கோபத்தில் அதைச் சொல்லிவிட்டேன். கூட்டம் இரண்டாகப் பிரிந்து சத்தம் போட்டது.

செல்வி எழுந்தது. அதுவரை கிராம சபையில் அது பேசி யாரும் கேட்டதில்லை.

“வேணாங்க. அவரு பேரை வச்சா, போறவங்க வர்றவங்கல்லாம் அதை மிதிச்சுக்கிட்டுதானே போவாங்க. எங்களை மிதிச்சது போதும்.”

முகம் சுளித்தவர்களுக்கு அது நிம்மதியாக இருந்ததா, சுட்டதா, எனக்குத் தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கும். வெளியே வந்ததும் நான் செல்வியிடம் கோபித்துக்கொண்டேன். எவ்வளவு பாடுபட்டு ஒரு பெயரை முன்வைக்கிறோம், நீயே தட்டிவிட்டாயே என்றேன்.

“அவரு பேரு வச்சா, அவரு செத்ததால வந்த பாலம்னு ஆயிடும்ணே. அவரு உயிரோட இருக்கையிலேயே கேட்டாரு. அதுக்காகத்தான் வந்துருக்கணும்.”

அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பாலத்துக்கு இன்றுவரை பெயர் இல்லை. வேடிக்கை என்னவென்றால், மினிபஸ் கண்டக்டர் அந்த நிறுத்தத்துக்குப் ‘பாலத்தடி’ என்று பெயர் வைத்துவிட்டான். இப்போது வெளியூர்க்காரர்கள் யாரும் உப்புத்துறை என்றோ தென்படுகை என்றோ கேட்டு டிக்கெட் எடுப்பதில்லை. இரண்டு கரைக்கும் ஒரே பெயர். மிராசுதார் வீட்டுப் பிள்ளையும் பாலத்தடி, உன் பேரனும் பாலத்தடி. யாரும் தீர்மானம் போடவில்லை.

திறப்பு விழாவுக்குப் பந்தல், மாலை எல்லாம் இருந்தது. செல்வி வரவில்லை. நடவு கிடந்ததாம். அடுத்த நாள் ரேஷன் பையோடு கடந்து வந்தது. எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “வெயிலு சுடுதுண்ணே, நடுவுல நெழலே இல்ல” என்றது. நான் என்னென்னவோ எதிர்பார்த்துக் கேட்டேன். அது அரிசி போடுகிறார்களா என்று விசாரித்துக்கொண்டு போய்விட்டது.

ஹாஜா சொன்னதும் பலித்தது. கடையை அடுத்த தெருவுக்கு மாற்றிவிட்டேன், வியாபாரம் குறைந்துதான் போயிற்று. தென்படுகைப் பெண்கள் பாலத்தடியில் பஸ் ஏறி டவுனுக்குப் போய் மளிகை வாங்குகிறார்கள். அவசரத்துக்கு மட்டும் என்னிடம் வருகிறார்கள், ஊறுகாய், தீப்பெட்டி, சோப்பு. எனக்கு இது போதும். பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறார்கள். மழைக்காலத்தில் வருகைப்பதிவு குறையவில்லை என்று மலர்விழி சொல்கிறாள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு யாரும் வருவதில்லை.

போன கார்த்திகையில் ஆறு நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது. மழை ஊற்றிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் ஆம்புலன்ஸ் ஒன்று தெருவைக் கடந்து பாலத்தில் ஏறியது. உன் தெருவில் ஒரு மருமகளுக்குப் பிரசவ வலி. கொஞ்ச நேரத்தில் அதே வழியாகத் திரும்பிப் போனது. கடையில் சாமான் வாங்க நின்றவர்கள் ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் மட்டும் எழுந்து நின்றேன். என்னங்க பாய் என்று ஒரு அம்மா கேட்டது. ஒன்றும் இல்லை என்று உட்கார்ந்து பருப்பை நிறுத்துக் கொடுத்தேன். ஆண் குழந்தை, இரண்டு உயிரும் சுகம்.

இதோடு முடித்தால் ஆண்டு மலருக்கு நன்றாக இருக்கும். ஆனால் உனக்கு எழுதும்போது பாதியில் நிறுத்த முடியாது.

பாலத்தின் தூண்கள் தண்ணீரைத் திருப்பிவிடுகின்றன கலியா. எத்தனை தலைமுறையாக வடகரையில் மோதிய ஆறு, இப்போது தூணில் பட்டு உன் கரைப் பக்கம் சாய்கிறது. வண்டல் சேர்ந்துகொண்டே வந்த படுகை முதல் தடவையாகக் கரைகிறது. உன் கொல்லைக் கோடியில் நின்ற புங்கமரம் இந்த வெள்ளத்தில் வேரோடு போய்விட்டது. உன் தெருவின் கடைசி வீடுகளுக்கும் ஆற்றுக்கும் நடுவில் இப்போது ஒரு மாட்டுவண்டி திரும்பும் அளவுக்குத்தான் இடம் இருக்கிறது. வளைவின் உள்பக்கமும் ஆழமாகிவிட்டால் ஊர் எங்கே நிற்பது?

கருங்கல் பதித்தால் நிற்கும் என்று இன்ஜினியர் பையன் சொல்கிறான். எங்கள் கரையில் முன்பே பதித்துவிட்டார்கள், பாலத்தோடு சேர்த்து. உன் கரைக்குத் திட்டத்தில் இல்லையாம். போன கிராம சபையில் இதைப் பற்றி மலர்விழி எழுந்து பேசினாள். தனியாக நிற்க வேண்டாம் என்று நானும் எழுந்தேன். வடகரையில் ஒருவர், படுகை என்றால் அப்படித்தான், வேண்டுமானால் அந்த வீடுகளை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லலாம் என்றார். மலர்விழி அவரைப் பார்த்துச் சொன்னாள்: “எங்களை அங்க கொண்டுபோயி வச்சது யாரு சார்? இப்ப நாங்களா இருக்கிற இடம் அது. போவ மாட்டோம்.” உன்னைவிட மெதுவாகப் பேசுகிறாள். ஆனால் உட்காரவில்லை. பதில் வரும்வரை நின்றுகொண்டே இருந்தாள்.

அடுத்த வாரம் கலெக்டரிடம் மனுக் கொடுக்க நாங்கள் திருவாரூர் போகிறோம். நான், மலர்விழி, செல்வி, கூட ரைஸ்மில்காரரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஹாஜா போன் பண்ணி, இன்ஜினியரிங் படித்த தன் சிநேகிதன் ஒருவனோடு பேச வைக்கிறேன் என்றான். காரியம் நடக்குமா, நடக்காதா என்று இப்போது சொல்வதற்கில்லை. போன தடவை பாலம் கேட்டு நீ அங்கே தனியாகப் போனாய். இந்தத் தடவை ஒரு வேன் நிறையப் போகிறோம்.

அடுத்த ஐப்பசிக்குள் உன் கரையில் கல் இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் அதற்கடுத்த ஐப்பசி. எனக்கு மூட்டுவலி இருக்கிறது, சர்க்கரை இருக்கிறது, ஆனால் நடக்க முடிகிறது. நடக்க முடிகிறவரை கேட்டுக்கொண்டே இருப்பேன். நான் உட்கார்ந்துவிட்டால் மலர்விழி நிற்பாள். உன் மண்ணில் ஒரு பிடிகூட ஆற்றுக்குக் கொடுப்பதாக இல்லை.

இங்ஙனம்,
உன் மகளுக்குப் பெரியத்தா,
உனக்கு எப்போதும் வடகரை யூசுப்